காலர் அளவு பதினைந்தரை

"அதைக் கீழ வைடி!"

"நீ விடு மொதல்ல!"

"கையை வெட்டிக்கப் போறே—"

"நீ இழுத்தா வெட்டாம கொஞ்சுமா—"

கத்தரிக்கோலின் ஒரு வளையத்தில் அக்காவின் விரல்கள், மறு வளையத்தில் தங்கையின் விரல்கள். நடுவில் அது வாயைத் திறந்து திறந்து மூடியது, தானும் ஏதோ சொல்ல வருவதுபோல.

அக்கா பெண்கள் சிறையில் காவலர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தங்கை வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவள். அக்கா கொண்டுவந்திருந்த துணிப்பைக்குள் ஏற்கெனவே மூன்று கத்திகள், சுத்தியல், இஸ்திரிப்பெட்டி எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தன.

"முள்கரண்டியைக்கூட விடலையே! அது என்ன பண்ணிச்சு?"

"எங்ககிட்ட ஒருத்தி அதை வெச்சுத்தான் உள்ள வந்தா."

"நான் எதால சாப்பிடறது?"

"கையால சாப்பிடு."

"கையை மட்டும் ஏன் விட்டு வெச்சே? அதையும் பையில போட்டுக்கோ."

நேற்று சாயங்காலம் தங்கை அக்கா வீட்டுக்கு வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: புருஷன் மத்தியானம் படுத்துத் தூங்கினபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. அக்கா காப்பி போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பிவைத்தாள். இன்று லீவு போட்டுவிட்டுப் பையோடு வந்து நிற்கிறாள்.

"தையல்காரி கழுத்தைப் பார்க்கிறது ஒரு குத்தமா? காலர் பதினஞ்சரைன்னு பார்த்தேன்."

"கையில கத்தரிக்கோலை வெச்சுக்கிட்டா?"

"டேப் எடுக்க மறந்துட்டேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் தங்கையின் இடது கைக்குப் போனது. மூன்று விரல்கள் கன்றி, நகங்கள் கறுத்திருந்தன. இடுக்கில் அந்தக் கை இருப்பது தெரிந்தே அவர் கதவைச் சாத்தியிருந்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"சொன்னாக் கேளுடி. எங்க சமையல்கட்டுல ஒவ்வொரு கத்திக்கும் சுவத்துல அதோட உருவத்தை வரைஞ்சு வெச்சிருக்கோம். ஒண்ணு குறைஞ்சாலும் வெறும் கோடு பல்லை இளிச்சுக்கிட்டு நிக்கும். இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தர் மேல ஒரு கீறல் கிடையாது. கையில ஆயுதம் இல்லைன்னா கோபம் தானா அடங்கிடும்."

"குடுத்து வெச்சவங்க. அங்க அவங்க புருஷனும் இல்லையே."

"வாய்! இந்த வாயைப் பையில போட வழியில்லை பாரு."

"சரி, அவங்கள்லாம் ஏன் அப்படிப் பண்ணாங்களாம்? கேட்டிருக்கியா?"

"கேக்காம? புதுசா வர்ற ஒவ்வொருத்தியையும் கேப்பேன். ஆளுக்கு ஒரு கதை சொல்லுவா. ஒருத்தி அடி தாங்கலைம்பா. ஒருத்தி பணத்துக்காகம்பா. ஒருத்திக்குச் சும்மாவே மூக்குக்கு மேல கோபம், அவளே ஒத்துக்குவா." அக்கா மூச்சு வாங்கினாள். பிடி கொஞ்சம் தளர்ந்தது. "ஆனா வீட்டு ஆளையே வெட்டிட்டு வந்தவளுங்க இருக்காளுங்களே, கடைசியில எல்லாரும் ஒரே மாதிரிதான் முடிப்பாளுங்க. முந்தின நாள் அம்மா வீட்டுக்குப் போனேன், அண்ணன் வீட்டுக்குப் போனேன், வயித்துக்குச் சோறு போட்டு, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்னு திருப்பி அனுப்பிட்டாங்கம்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒரு பாய் விரிக்க இடம் இல்லாமலா போச்சு அந்த வீட்டுல? உள்ள தூக்கிப் போட வேண்டியது இவளுங்களை இல்லைடி, அவங்களை!"

தங்கை வளையத்திலிருந்து விரல்களை உருவிக்கொண்டாள். அக்கா கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி, தானே பைக்குள் போட்டாள். பையின் வாயை இறுக்கி முடிச்சும் போட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணிக்கு அவர் வந்துவிடுவார்.

"நேத்து காப்பி ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா. குடிச்சு முடிச்சதும் என்கிட்ட என்ன சொல்லி பஸ் ஏத்திவிட்டே, ஞாபகம் இருக்கா?"