மூன்றாவது வரிசை

முத்திரையை வெட்டியதும் கன்டெய்னரின் கதவு தானாகவே ஒரு விரலளவு விலகிக்கொண்டது. உள்ளே அடைபட்டுக் கிடந்த வெக்கை முதலில் வந்தது. பிறகுதான் வாடை. பதினோரு வருடமாகச் சுங்கத்துறையில் பெட்டிகளைத் திறந்து பார்ப்பவள் அவள். துறைமுகத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டாளே தவிர, அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. காகிதத்தில் ‘கழுவி உலர்த்திய, ஒரே வகைப் பிளாஸ்டிக்’ என்று இருந்தது. மூக்கு வேறொன்று சொன்னது.

முதல் இரண்டு வரிசைப் பொதிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நசுக்கி, கம்பியால் இறுக்கிக் கட்டிய தண்ணீர் பாட்டில்கள் வெயிலில் பளபளத்தன.

“பாத்துட்டீங்களே மேடம், தங்கமாட்டம் சரக்கு,” என்றார் இறக்குமதி ஏஜென்ட். கையில் பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். “சாத்திடலாமா?”

“பின்னாடி இருக்கறதையும் வெளிய எடுக்கணும்.”

“அஞ்சு பெட்டி மேடம். அதுக்கு அரை நாள் ஆயிடும்.”

“ஆகட்டும்.”

குரல் நிதானமாகத்தான் வந்தது. மனம் காலையிலிருந்தே அப்படி இல்லை. சரக்கு போய்ச் சேரவேண்டிய, பிளாஸ்டிக் பிரிக்கும் தொழிற்கூடம், அவளுடைய அக்கா மேஸ்திரியாக இருக்கும் இடம். காகிதத்தைப் பார்த்தவுடன் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லியும்விட்டாள். “சார், எங்கக்கா அங்க வேலை செய்யறா. இத வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்க.” அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “வேற யாரு இருக்கா? ஒருத்தர் லீவு, ஒருத்தர் டிரெய்னிங். நீயே பாரு. ரிப்போர்ட்ல நானும் சேந்து கையெழுத்துப் போடறேன்,” என்றார்.

ஃபோர்க்லிஃப்ட் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பொதியை உருவியபோது கம்பி அறுந்து பாதி தரையில் சரிந்தது. பழுப்புத் தண்ணீர் ஓடிவந்து அவள் காலணியைத் தொட்டது. குழந்தைகளின் அழுக்கு டயப்பர்கள், கூழாகிப்போன சாப்பாட்டோடு ஒட்டிக்கிடந்த பைகள், மருந்து ஏற்றும் குழாய்கள், மூடியில்லாத ஊசிகள். ஓட்டுநர் இறங்கி வந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டார். நண்பகலுக்குள் ஐந்து பெட்டிகளும் திறக்கப்பட்டன. ஐந்திலும் அதே கதை. முன்னால் இரண்டு வரிசை தங்கம், பின்னால் முழுக்க நரகல்.

எட்டு மாதத்துக்கு முன்பு வரை இதைத் திருப்பி அனுப்ப வழியே கிடையாது. பெட்டிகளை அடுக்கும் யார்டின் வடக்கு மூலையில் பதினான்கு பழைய பெட்டிகள் அதற்குச் சாட்சியாக நின்றன. அனுப்பியவன் கைவிரித்துவிட்டான், வாங்கியவன் முகவரியில் ஆளே இல்லை. அவை மூன்று வருடமாகத் துருவைக் கசிந்துகொண்டிருந்தன. இப்போது பல நாடுகள் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தன. அழுக்கும் கலப்புமான பிளாஸ்டிக்கை முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் அனுப்பக் கூடாது. அனுப்பினால் அனுப்பிய நாடே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நாட்டு அதிகாரி எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் கப்பல்காரன் ஏற்றுவான். பெட்டிகளைக் கொண்டுவந்த கப்பல் நான்கு மணிக்குத் திரும்புகிறது. அதை விட்டால், மூலையில் பதினான்கு பத்தொன்பதாகும். அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டரைக்கு அக்கா ஃபோனில் கூப்பிட்டாள்.

“பெட்டிய நிறுத்தி வெச்சிருக்கியாமே.”

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன? இந்த லோடு வரலைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து ஷெட்ட மூடறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. நாப்பது பொம்பளைங்கடி. என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நிக்கறாளுங்க.”

அவள் தரையில் கிடந்த ஊசிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போன மாதம் அக்காவின் கட்டைவிரல் எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. கம்பி குத்திவிட்டது என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“அன்னிக்கி உன்ன குத்தினது கம்பியாக்கா, ஊசியா?”

இயந்திரச் சத்தத்துக்கு மேல் அக்காவின் குரல் உயர்ந்தது.

“ஊசிதான். இப்ப என்ன? நாங்க என்ன தெரியாமயா கைய விடறோம்? உனக்கு நாத்தம் தாங்கலைன்னா மூக்கப் பொத்திக்க. எங்க வயித்துல அடிக்காத.”

அக்கா ஃபோனை வைத்துவிட்டாள். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தது இந்த அக்காதான். அக்கா ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

அனுப்பிய நாட்டின் அதிகாரி அவளுக்கு மின்னஞ்சலில் மட்டும் தெரிந்த ஒரு பெண். ஒன்றரைக்கு அழைத்தபோது அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. இருவருக்கும் பொதுவாக இருந்தது பள்ளியில் படித்த ஒரு மூன்றாம் மொழி. தட்டுத் தடுமாறித்தான் பேச வேண்டியிருந்தது.

“ஃபோட்டோ பாத்தேன்,” என்றாள் அந்தப் பெண். “ஆனா குப்பை எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்கும். இங்கேருந்து நல்ல சரக்குதான் போச்சு, வழியில எவனோ மாத்திட்டான்னு கம்பெனி சொல்லும். எங்க நாட்டுதுதான்னு காட்டற மாதிரி ஏதாவது இருக்கா?”

அவள் ஃபோனை அணைக்காமல் பையில் போட்டுக்கொண்டு, தடித்த கையுறையை மாட்டி, பொதிக்குள் குனிந்தாள். ஏஜென்ட் பத்தடி தள்ளி நின்று யாரிடமோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். ஒருமுறை வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போனாள். ஊசிகளைக் குச்சியால் ஒதுக்கி ஒதுக்கித் தேடியதில் ஒரு பால் பாட்டில் கிடைத்தது. அதில் ஒட்டியிருந்த, பாதி கிழிந்த தாளில் பண்ணையின் பெயரும் ஊரும் தேதியும் தெரிந்தன. படம் எடுத்து அனுப்பினாள்.

மறுமுனையில் அந்தப் பெண் எழுந்து நடக்கும் சத்தம் வந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

“இதே பால்தான்,” என்றது குரல். “இப்ப என் கையில இருக்கு. குடிச்சு முடிச்சதும் கழுவி, மூடியத் தனியா எடுத்து, அதுக்குன்னு இருக்கற தொட்டியிலதான் போடணும்னு எம் பொண்ணுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். அவ ஒருநாள்கூடத் தவறினதில்ல.” பிறகு, “ஆஃபீசுக்குப் போய் எழுதி அனுப்பறேன். கப்பல விட்டுடாதீங்க,” என்றாள்.

மணி இரண்டு. இரண்டரை. மேலதிகாரியின் மேசையில் ஃபோன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. “பெரிய எடத்துலேர்ந்து கூப்பிடறாங்க,” என்றார் அவர் அவளைப் பார்க்காமல். “நாலு மணி வரைக்கும் நான் இத எடுக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால தாங்காது.” மூன்று ஆனது. கப்பலில் ஏணியைத் தூக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவள் கணினித் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிதம் வராமலே போய்விட்டால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. அக்காவிடம், நான் என்ன செய்ய, அவங்க அனுப்பலையே என்று சொல்லிவிடலாம். அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மூன்று பதினெட்டுக்குக் கடிதம் வந்தது. ஐந்து பெட்டிகளின் எண்களும் ஒவ்வொன்றாக எழுதி, கீழே கையெழுத்தும் முத்திரையும். மேலதிகாரி சொன்னபடியே தன் கையெழுத்தையும் போட்டார். அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு கப்பல் நின்ற பெர்த்துக்கு ஓடினாள். கடைசிப் பெட்டி கிரேனில் ஏறியபோது அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கீழே நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். ஏஜென்ட் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “நல்லா இருங்க மேடம்,” என்றார். அது எந்த அர்த்தத்தில் என்று அவள் கேட்கவில்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் அக்காவின் ஷெட்டுக்குப் போனாள். மூடியிருக்கும் என்று நினைத்தாள். கதவு திறந்தே கிடந்தது. பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிரிக்கச் சரக்கில்லாத கூடம் அகலமாகத் தெரிந்தது. சாவியை முதலாளியிடம் ஒப்படைப்பதற்கு முன் கழுவிவிடச் சொல்லியிருக்க வேண்டும்; ஆளுக்கொரு துடைப்பத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சேலையை இடுப்பில் செருகியிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

“அஞ்சும்?”

“அஞ்சுந்தான்.”

துடைப்பங்கள் நின்றன. நாற்பது முகங்களில் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் அவள் அக்காவின் முகத்தையே பார்த்தாள். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கூடத்தின் நடுவிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

“அய்யோ, இங்க வந்து பாருங்கடி! தரைக்கு கலரு இருக்கு!”

கறுப்பாக ஒட்டிக்கிடந்த பிசுக்குக்கு அடியில், ஒரு முறத்தின் அளவுக்குப் பச்சை தெரிந்தது. ஓரத்தில் வெள்ளைக் கோட்டில் ஏதோ பூங்கொடி. பெண்கள் குனிந்து காலாலும் கையாலும் தேய்க்கத் தொடங்கினார்கள். “ஆறு வருசமா இது மேலயா நின்னோம்?” என்று யாரோ ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

அக்கா அவளை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த வாளியை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்தாள். தண்ணீர் ஓடிய வழியெல்லாம் துடைப்பங்கள் பின்னாலேயே வந்தன. பச்சை கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, அவள் நின்றிருந்த வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது.