சுசீலாவின் சிவப்பு மூடி டப்பா

சம்சுன்னிசா சமையலறையில் நின்று அழுவதை அவள் புருஷன் ரவூப் பார்த்துவிட்டார். பார்த்த மனிதர் சும்மா போனாரா? "பிளாஸ்டிக் கடைக்காரன் பொண்டாட்டி, இதுல போய் கொதிக்கிற தண்ணிய ஊத்துவாளா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சிங்க்கில் கிடந்தது சுசீலாவின் சிவப்பு மூடி டப்பா. வெந்நீர் பட்டதும் வாய் கோணி, பாதியாகச் சுருங்கிக் கூனிப் போயிருந்தது. மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை. லிட்டில் இந்தியாக் கடைத்தெருவில் வாளியும் டப்பாவும் விற்றே நரைத்தவர் ரவூப். கண்ணாடி மாதிரி இருக்கிற இந்த டப்பா தண்ணீர் போத்தல் செய்கிற பிளாஸ்டிக், சூடு தாங்காது, மூடி வேறு வகை, சூப் கட்டித் தருகிற டப்பா மாதிரி, கொதித்தாலும் அசையாது என்று விளக்கம் வேறு. யார் கேட்டார்கள் அதை?

தீபாவளிக்கு அதில் முறுக்கு வந்தது. எப்போதும் சுசீலாவே கொண்டுவருவாள், இந்த முறை மகன் ஷங்கரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். அடுத்தடுத்த வீட்டில் பிள்ளை வளர்த்தவர்கள் இருவரும். தீபாவளிக்கு முறுக்கு வரும், பெருநாளைக்கு அதே டப்பாவில் அன்னாசிப் பாகு வைத்த டார்ட் போகும். வெறும் டப்பாவைத் திருப்பித் தந்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம். தராமலே இருந்துவிட்டாலும் அதேதான்.

முடியும்படி தீபாவளிக்கு முன் என்ன நடந்தது? வீட்டை விற்றுவிட்டுச் சுசீலா தொலைவிலுள்ள செங்காங் பேட்டைக்கு மகனோடு இருக்கப் போகிறாள் என்பதே சம்சுன்னிசாவுக்கு வீட்டு ஏஜென்ட் சொல்லித்தான் தெரியும். வந்ததே கோபம்! சாமான் லாரி வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வீம்பு இப்போது அவளைத்தான் தின்கிறது. சம்பால் அரைத்தாலும் சுசீலா, துணி காயப்போட்டாலும் சுசீலா. அப்படி ஏங்கினாள். ஆனால் தானாகப் போன் மட்டும் போட மாட்டாளாம். பெருநாளைக்கு டப்பாவைக் கொடுக்கிற சாக்கில் போய் நின்றுவிடலாம் என்றிருந்தாள். எண்ணெய்ச் சிக்கு வாடை போகட்டுமே என்று ஊற்றிய வெந்நீர் அதிலும் மண்ணள்ளிப் போட்டது.

சாயங்காலம் ரவூப் கடையிலிருந்து அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். அச்சு அசல், சுசீலாவுக்கு வித்தியாசமே தெரியாது என்றார். சம்சுன்னிசா டார்ட்டைப் புது டப்பாவில்தான் அடுக்கினாள், ஆனால் கோணல் டப்பாவையும் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். பொய்யோடு அந்த வீட்டுக்குள் நுழைய அவளுக்கு மனம் வரவில்லை.

செங்காங்குக்கு மாறாமல் ஒரே ரயில்தான். வழி நெடுக ஒரே பயம்தான். தான் அன்று செய்த மாதிரி அவளும் கதவைச் சாத்திவிட்டால்?

சுசீலா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். சம்சுன்னிசா நலம்கூட விசாரிக்கவில்லை. கோணல் டப்பாவை எடுத்து நீட்டி, "ஒன் டப்பாவ நான் கெடுத்துட்டேன் சுசீலா" என்றாள்.

சுசீலா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டப்பா கெடக்குது லா. இதத் திருப்பித் தரவாவது நீ வருவேன்னுதான் அனுப்புனேன்."

வீட்டை விற்பதை ஏன் மறைத்தாள் என்பதையும், கேட்காமலே, அவளே சொன்னாள். "ஒங்கிட்ட சொல்லியிருந்தா போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பே. அப்புறம் நான் எப்படிப் போறது?"

டார்ட் தட்டில் வந்தது, தேத்தண்ணீர் வந்தது. பிள்ளைகள் கதை, முட்டி வலி என்று எல்லாம் பேசி முடித்தார்கள். கடைசியில் சுசீலா குரலைத் தாழ்த்தி, தன் பழைய வீட்டில் யார் இருக்கிறார்கள், கதவுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியாமலா இருக்கும்?

"எனக்குத் தெரியாது சுசீலா," என்றாள் சம்சுன்னிசா. "கிட்ட இருக்குற லிஃப்ட்டுக்கு ஒன் கதவத் தாண்டித்தான போகணும். நீ போனதுலேர்ந்து நான் அந்தப் பக்கமே போறதில்ல. அந்தக் கோடி லிஃப்ட்டுக்குச் சுத்திக்கிட்டு நடக்குறேன்."