தீக்குப் பின்னால் வந்த லாரி

மூன்று மணி எட்டு நிமிடத்துக்குப் பேருந்து நின்றது. ஓட்டுநர் இலாரியோ எஞ்சினை அணைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பூசணி விதைகளை எடுத்துக் கொறிக்கத் தொடங்கினார். அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது. நெடுநேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்தால்தான் இலாரியோ விதை கொறிப்பார்.

அபிசாகோ ஸ்டேடியத்துக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். ஐந்து மணிக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். நாலரைக்குள் அணிப் பட்டியலை நடுவரிடம் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆடாமலே தோல்வி.

முன்னால் சாலையே தெரியவில்லை. லாரிகள், சைக்கிள்கள், காகிதப் பூ சுற்றிய மாதா படங்கள், ஆரஞ்சுப் பழம் நறுக்கிக் கொடுக்கும் பெண்கள். இடையிடையே தீப்பந்தங்கள். விடிந்தால் பன்னிரண்டாம் தேதி, குவாதலூப்பே மாதா திருநாள். தலைநகரத்துக் கோவிலில் பற்றவைத்த தீயை ஒவ்வோர் ஊராரும் ஓடியே தம் ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். ஒருவர் தீயோடு ஓடுவார். அவர் ஊர் லாரி பின்னால் ஊர்ந்து வரும். வேகமாக வரும் தீ மெதுவாகப் போகும் தீயை முந்தலாம். தீ இல்லாத வண்டி எந்தத் தீயையும் முந்தாது. முந்துகிறவனுக்கு இந்தப் பக்கத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

"காலையிலயே சொன்னேன், சுங்கச்சாலையில போயிடலாம்னு," என்றார் இலாரியோ, யாரையும் பார்க்காமல்.

அவர் யாரையும் பார்க்காததால் மற்றவர்கள் எல்லாரும் ஃபெர்மினைப் பார்த்தார்கள்.

ஃபெர்மின் குவாமத்சி, முப்பத்துநான்கு வயது, நடுக்கள ஆட்டக்காரன், எண் எட்டு. கால் இறுதிக்கும் அரை இறுதிக்கும் சுங்கச்சாலையைத் தொடாமல் பழைய சாலைகளிலேயே போனார்கள். இரண்டிலும் ஜெயித்தார்கள். அதனால் அதே பேருந்து, அதே இருக்கை, அதே பழைய சாலை என்று பிடிவாதம் பிடித்தது அவன்தான். "நான் இந்தப் பக்கத்துக்காரன். தீப்பந்தம் தூக்கி ஓடினவன். ராத்திரி பத்துக்கு முன்னால ஒரு தீ கூட அபிசாகோ வராது," என்று பயிற்சியாளரிடம் அடித்துச் சொன்னான். அது அவன் காலத்துக் கணக்கு. இப்போது முந்தின நாளே புறப்பட்டுவிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. பதினேழு டிசம்பர்களாக அவன் ஊரில் இல்லை.

அந்தப் பதினேழு ஆண்டுகளில் ஒன்பது கிளப். முழங்காலில் இரண்டு அறுவை. முதல் பிரிவில் மொத்தம் பதினோரு நிமிடம் ஆடியிருக்கிறான். அதில் நான்கு முறை பந்தைத் தொட்டான், நான்கும் நினைவிருக்கிறது. இறுதி ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை. ஒரு முறை அரை இறுதியில் சிவப்பு அட்டை வாங்கி இறுதிக்கு வெளியே உட்கார்ந்தான். இன்னொரு முறை வியாழக்கிழமை பயிற்சியில் முழங்கால் போயிற்று, ஆட்டம் சனிக்கிழமை. இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. இனி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பயிற்சியாளர் ருகேரியோ ஃபோனைக் காதிலிருந்து எடுத்தார். "போலீஸ்காரன் சிரிக்கிறான். மாதாகிட்ட கேளுங்கங்கறான்."

"இறங்கி நடந்துடலாமா, மாஸ்டர்?" என்றான் கோல்கீப்பர்.

"ஒன்பது கிலோமீட்டர், மூட்டை முடிச்சோட. அப்புறம் தொண்ணூறு நிமிஷம் ஆடு. நல்ல யோசனை."

அப்போது பின்னாலிருந்து விசில் சத்தம் வந்தது. கூட்டம் பிளந்தது. கால் தாங்கியபடி ஒருவன் தீயோடு பேருந்தைக் கடந்து போனான். அவனுக்குப் பின்னால் ஒரு நீல லாரி. லாரியின் நெற்றியில் துணிப் பதாகை: தோகத்லான்.

ஃபெர்மின் எழுந்தான். அது அவன் ஊர்.

அவன் கதவைத் திறந்து குதித்தபோது, லாரிக்குப் பக்கத்தில் சைக்கிளில் வந்த பெண் விசிலை வாயிலிருந்து எடுத்தாள். யூஃப்ரோசினா. அவனோடு ஒரே ஆண்டில் தீ தூக்கியவள். இப்போது ஊர் ஓட்டக்காரர்களுக்குத் தலைவி.

"ஐயோ பாவம்," என்றாள். "எதிரி அணி ரோட்ல நிக்குதா? மாதாவே எங்க பக்கம்னு இப்ப தெரியுது."

லாரியின் பக்கவாட்டில், இறுதியில் அவர்கள் எதிர்த்து ஆடவேண்டிய அபிசாகோ கிளப்பின் சிவப்புக் கொடி கட்டியிருந்தது. ஃபெர்மின் அதைக் கவனித்தான்.

"ஃப்ரோசி, எங்களை லாரியில ஏத்திக்க."

"எதுக்கு? எங்களைத் தோக்கடிக்கவா?"

"ஆடாம ஜெயிச்சா உங்களுக்கு நல்லா இருக்குமா? டிக்கெட் வாங்கினவன் எல்லாம் வெறும் புல்லைப் பாத்துட்டு வரணுமா?"

அவள் யோசித்தாள். லாரிமேல் இருந்த கிழவர் ஒருவர், "அது சரிதான். நான் டிக்கெட் வாங்கியிருக்கேன்," என்றார்.

"ஏத்திக்கறேன்," என்றாள் யூஃப்ரோசினா. "ஆனா லாரி தீயைத் தாண்டாது. என் ஆளுங்க நேத்து ராத்திரியிலேருந்து ஓடறாங்க, பாதமெல்லாம் கொப்புளம். இப்படியே போனா அஞ்சரைக்குப் போய்ச் சேருவீங்க."

"எங்க பசங்க ஓடுவாங்க. பதினெட்டுப் பேர் இருக்கோம். ஆளுக்கு அரை கிலோமீட்டர்."

"உன் பசங்க எங்க கோவில்ல வாக்குக் கொடுத்தாங்களா?"

பலிபீடத்தின் முன் வாக்குக் கொடுத்தவர் கை தவிர வேறு கை அந்தத் தீப்பந்தக் கட்டையைத் தொடக்கூடாது. அது ஃபெர்மினுக்குத் தெரியும். பதினைந்து வயதில் மூன்று வருடத்துக்கு வாக்குக் கொடுத்தான். இரண்டு வருடம் ஓடினான். மூன்றாவது டிசம்பர் பதினொன்றில் கிளப் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். போனான்.

"இந்தப் பேருந்துல வாக்குக் கொடுத்தவன் ஒருத்தன்தான் இருக்கான்," என்றாள். "அதுலயும் ஒரு வருஷம் பாக்கி."

ருகேரியோ படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "வேண்டாம்," என்றார். "ஃபெர்மின், இங்கே பாரு. ஒன்பது கிலோமீட்டரும் நீ ஓடினா உன்னை நான் ஆட வைக்க முடியாது. நடுக்களத்துல செத்த காலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"நான் ஓடலேன்னா யாருமே ஆட மாட்டாங்க, மாஸ்டர்."

ருகேரியோ படியிலிருந்து விலகி வழி விட்டார். பைகள் லாரியில் ஏறின. சிவப்புக் கொடிக்குக் கீழே எதிரி அணியின் பதினேழு பேர் குந்தி உட்கார்ந்தார்கள். வழியில் யாரும் அடையாளம் கண்டு தக்காளி எறியக்கூடாது என்று கிழவர் ஒரு தார்ப்பாயை அவர்கள்மேல் இழுத்துவிட்டார்.

மூன்று முப்பத்தொன்றுக்கு ஃபெர்மின் கட்டையை வாங்கினான். அவன் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அதன் நுனியில் பொருத்திய தகரக் குவளையில் தீ படபடத்தது.

ஓடினான்.

முதல் கிலோமீட்டர் பறந்தது. இறக்கம். யூஃப்ரோசினா பக்கத்தில் மிதித்தபடி விசில் ஊதினாள். "தீ வருது, வழி விடு, தோகத்லான் தீ வருது." சைக்கிள்கள் விலகின. லாரிகள் ஓரம் ஒதுங்கின. நின்றுகிடந்த ஒரு கிராமத்துத் தீயை முந்தினார்கள், பிறகு இன்னொன்றை. முந்தும்போது அந்த ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். பதினேழு ஆண்டுகளில் வெளியூரில் யாரும் அவனுக்குக் கைதட்டியதில்லை.

"மெதுவா ஓடு," என்று தார்ப்பாய்க்குள்ளிருந்து ருகேரியோ கத்தினார்.

"வேகமா ஓடு," என்றாள் யூஃப்ரோசினா. "எனக்கு மூணு பிள்ளை. உனக்கு ரெண்டு ஆபரேஷன். நானே மிதிக்கறேன், உனக்கென்ன?"

மூன்றாவது கிலோமீட்டரில் ஏற்றம் தொடங்கியது. மூச்சு நெஞ்சுக்குள் கீறியது. இடது முழங்கால் தன் இருப்பைச் சொன்னது. ஒரு பெண் ஆரஞ்சுத் துண்டை வாயில் திணித்தாள். சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் தடுப்புக் கம்பிமேல் ஏறி நின்று அவன் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"டேய், இவன் அவங்க எட்டாம் நம்பர்டா. போன மாசம் லீக் ஆட்டத்துல நம்ம பையன் காலை வாரினவன்."

பக்கத்திலிருந்தவன் தீயைக் காட்டினான். சிவப்புச் சட்டைக்காரன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். பிறகு, தொப்பியை நெஞ்சில் வைத்தபடியே, ஃபெர்மினின் பரம்பரையைத் திட்டினான். தார்ப்பாய்க்குள் யாரோ சிரித்து, இன்னொருவர் வாயைப் பொத்தும் சத்தம் கேட்டது.

ஆறாவது கிலோமீட்டரில் ருகேரியோ தார்ப்பாயைத் தூக்கினார். "நாலு மணி. நேரம் இருக்கு. மெலித்தோன்கிட்ட குடுத்துட்டு ஏறு."

மெலித்தோன் என்பவன் முன்பு கால் தாங்கி ஓடியவன். இறங்கி வந்து கட்டையை வாங்கிக்கொண்டான். நல்ல பையன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். ஆனால் லாரியின் வேக முள் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கே இறங்கியது. பின்னாலிருந்து வேறு இரண்டு ஊர்களின் தீ நெருங்கின. முந்திக்கொண்டால் அவற்றின் லாரிகளும் முன்னால் போய்ச் சாலையை அடைத்துவிடும். ஃபெர்மின் லாரியின் ஏணியில் ஒரு கால் வைத்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் தெரிந்தன. நான்கு கம்பங்கள். பகலிலேயே எரியவிட்டிருந்தார்கள்.

"ஏறுப்பா," என்றார் ருகேரியோ. இம்முறை கெஞ்சினார். "பாதி நேரமாவது ஆடலாம்."

ஃபெர்மின் காலை எடுத்தான். முன்னால் ஓடினான்.

"குடு, மெலித்தோன்."

"அண்ணே, என்னால முடியும்."

"முடியும்தான். குடு."

அதற்குப் பிறகு அவன் எதையும் எண்ணவில்லை. தகரக் குவளையின் சூடு கன்னத்தில் அடித்தது. பதினாறு வயதில் இதே வளைவில் ஓடியபோது தான் பெரிய ஆட்டக்காரன் ஆகப்போவதாக நினைத்திருந்தான். அந்தப் பையன் இப்போது தன்னைப் பார்த்தால் வெட்கப்பட மாட்டான் என்று தோன்றியது. தொடை எரிந்தது. ஓடினான். கூட்டம் இப்போது இரண்டு சுவர்போல நின்றது. மேளம் அடித்தார்கள். ஸ்டேடியத்துக்குப் போகும் சிவப்புச் சட்டைகள் ஆயிரக்கணக்கில், தங்கள் அணியைத் தோற்கடிக்க வந்தவர்களுக்கு வழி விட்டு, தோகத்லான், தோகத்லான் என்று கத்தினார்கள்.

நான்கு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு லாரி ஸ்டேடியத்தின் பின்வாசலில் நின்றது. கிழவர் தார்ப்பாயை உருவினார். எதிரி அணி எழுந்து நின்றது. சிவப்புச் சட்டைகள் எட்டி முகங்களைப் பார்த்தன. பிறகு வசை மழை. ஆட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டே பைகளைத் தலைக்குமேல் பிடித்தபடி உள்ளே ஓடினார்கள்.

ஃபெர்மின் கட்டையை யூஃப்ரோசினாவிடம் கொடுத்தான். அவள் அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளம் உடைந்திருந்தது.

"மூணாவது வருஷம் முடிஞ்சுது," என்றாள். "இனிமே உனக்கும் மாதாவுக்கும் கணக்கு நேர். எங்களுக்கு எதிரா கோல் போட்டே, ஊருக்குள்ள விட மாட்டேன்."

"நான் கோல் போட்டு நாலு வருஷம் ஆச்சு."

"தெரியும். அதான் தைரியமா ஏத்திக்கிட்டேன்."

உடைமாற்றும் அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கோல்கீப்பர் சட்டையைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு அதை அறியாமல் கத்திக்கொண்டிருந்தான். ஃபெர்மின் பெஞ்சில் உட்கார்ந்து எட்டாம் எண் சட்டையை மாட்டினான். கால்பந்து பூட்ஸை எடுத்து, வலது கயிற்றைக் கட்டினான். இடது கயிற்றைக் கட்டும்போது தொடை தானாகத் துடித்தது. அதன்மேல் உள்ளங்கையை அழுத்தினான்.

வாசலில் நடுவரின் ஆள் நின்றான். "ரெண்டு நிமிஷம், மாஸ்டர்."

ருகேரியோ ஃபெர்மினின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பட்டியல் அவர் முழங்கால்மேல் இருந்தது. பத்துப் பெயர்கள் எழுதியிருந்தன. எட்டாம் எண்ணுக்கு எதிரே வெற்றிடம். பேனா அதன்மேல் நின்றது. வெளியே முப்பதாயிரம் பேரின் சத்தம் சுவரில் அதிர்ந்தது.

ஃபெர்மின் தொடையிலிருந்து கையை எடுத்தான்.

"பொய் சொல்லாத, ஃபெர்மின்," என்றார் ருகேரியோ. "இன்னும் தொண்ணூறு நிமிஷம் இருக்கா, இந்தக் கால்ல?"