நாற்பத்தொன்றாவது டக்

ராட்டினப் பார்க்கின் வாசலைத் தாண்டிக் கால் வைத்ததுமே செருப்பு தரையோடு ஒட்டிக்கொண்டது. எடுத்து வைத்த ஒவ்வொரு அடிக்கும் 'சர்ரக்' என்று உரிந்து வந்தது. எந்தப் பிள்ளை எந்தக் குளிர்பானத்தைக் கொட்டியதோ, எத்தனை நாளாய்க் கழுவாமல் கிடக்கிறதோ, ஈக்கள் மட்டும் குடும்பம் குடும்பமாய் வந்திருந்தன.

"தூ!" என்றார் கடைசி சீட்டு.

ரோலர் கோஸ்டர் பைத்தியங்கள் சேர்ந்து ஒரு காலத்தில் நடத்திய ரசிகர் சங்கத்தில் அவருக்கு வைத்த பெயர் அது. எந்த ரயிலில் ஏறினாலும் கடைசிப் பெட்டியில் கடைசி சீட்டுதான் வேண்டும். அது கிடைக்கும்வரை நாலு ரயிலை விட்டுவிட்டு நிற்பார். உச்சியில் முன்பெட்டிகள் கவிழ்ந்து இழுக்கும்போது கடைசிப் பெட்டிதான் ஆளை சீட்டிலிருந்து கிளப்பும் என்று கேட்காதவர்களுக்கும் விளக்குவார். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். வாரம் ஆறு நாள் ஊராரைப் பத்திரமாக ஏற்றி இறக்கிவிட்டு, ஏழாம் நாள் தான் விழுவதற்கு இடம் தேடிப் போவார். மாமியார் வீட்டிலும் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை எழுத்தில் போட முடியாது.

பக்கத்தில் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு மகள் வந்தாள். அவளுக்கு ராட்டினம் என்றாலே வயிற்றைப் புரட்டும். காது மந்தமானவர்களுக்குக் கருவி பொருத்தும் வேலை பார்ப்பவள். சத்தமே நுழையாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, நாளெல்லாம் "இப்ப கேக்குதா? இப்ப?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன மாதம் அப்படி ஒரு பெரியவருக்குக் கருவியை மாட்டிவிட்டாளாம். கூட வந்த மனைவி ஏதோ சொல்ல, அவர் "உன் குரல் இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று ஓவென்று அழுதாராம். அன்று வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, அம்மா குரல் எப்படி இருக்கும்? மெல்லிசா? கனமா?"

மகளுக்கு இரண்டரை வயதில் அவள் அம்மா போய்விட்டாள். மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று படுத்தாள், சாயங்காலம் இல்லை. போட்டோக்கள் இருக்கின்றன. கல்யாண வீடியோவும் இருக்கிறது, ஆனால் முதலிலிருந்து கடைசிவரை அதில் பாட்டுதான் ஓடும், ஒருத்தர் பேசுவதும் கேட்காது. குரல் என்று எங்கே போய்த் தேடுவது? அப்போதுதான் அவருக்குக் கேசட் ஞாபகம் வந்தது.

"இருக்கும்மா" என்றார். "பார்க்ல மரத்தால கட்டின ரோலர் கோஸ்டர் இருக்குல்ல, அந்த மர ரயில்ல ஏறும்போது நான் டேப் பண்ணினேன். அதுல உங்கம்மா பேசியிருக்கா. சங்கத்தை மூடினப்போ அறுபது கேசட்டை அந்தப் பார்க் மியூசியத்துக்கே குடுத்துட்டேன். அங்க இருக்கும்."

அந்த ரயிலின் சத்தத்துக்குக் கேசட் ஒன்றல்ல, இரண்டு. அதை அவர் சொல்லவில்லை.

அதற்குத்தான் இந்த வருகை. ஆனால் பார்க்கைப் பார்த்த பத்தாவது நிமிஷமே அவருக்கு எதற்கு வந்தோம் என்பது மறந்து, வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. குப்பைத்தொட்டிக்குக் கரடி முகம் வைத்திருந்தார்கள், அது திறந்த வாயால் அழுகிய மிச்சத்தைக் கக்கிக்கொண்டிருந்தது. கழிப்பறை நாற்றம் தெரியக் கூடாது என்று ரோஜா வாசனை மருந்தை அடித்திருந்தார்கள். இப்போது ரோஜாவும் சேர்ந்து நாறியது. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பாட்டு.

"மனுஷன் வருவானா இங்க?" என்றார்.

"நாம வந்திருக்கோமேப்பா."

"நீ சும்மா இரு. அந்தக் காலத்துல இது…"

"அந்தக் காலத்துலயும் இப்படித்தான் இருந்திருக்கும். நீங்க அண்ணாந்தே நடந்திருப்பீங்க, தரையைப் பாத்திருக்க மாட்டீங்க."

நிஜமாகவே அண்ணாந்துதான் நடந்திருந்தார்.

மர ரயிலின் முன் வந்து நின்றதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். எத்தனை ஆயிரம் கட்டைகள், எத்தனை ஆயிரம் ஆணிகள், காற்றடித்தால் உடம்பை நெளித்துக்கொடுக்கும் அந்த மரக்கூட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் தகடு அடித்திருந்தார்கள். அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் மரம் மாதிரி பெயின்ட். மரத்தை மூடிவிட்டு அதன் மேல் மரத்தை வரைகிற மடையனை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. குரங்கு கையில் பூமாலை கிடைத்தாலாவது பிய்த்துப்போடும், அதோடு முடிந்துவிடும். இவர்கள் பிய்த்ததைத் திரும்பக் கட்டிப் பாரம்பரியம் என்று பலகையும் மாட்டியிருந்தார்கள்.

அதைவிடக் கண்றாவி பிரேக்காரர். முன்பெல்லாம் ரயிலின் நடுவில் ஒருத்தர் நின்றுகொண்டே வருவார். எந்த வளைவில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது அவர் கைக்குத்தான் தெரியும். எழுந்து நிற்பவனைக் காது கூசத் திட்டுவார், மழை நாளில் அவரே பயந்து சாமியைக் கூப்பிடுவார். அந்த இடத்தில் இப்போது தொப்பி போட்ட ஒரு பொம்மை. கை மட்டும் மோட்டாரில் மேலும் கீழும் ஆடியது. யாரோ மென்ற சூயிங்கத்தை அதன் மூக்குத்துளையில் அடைத்திருந்தார்கள்.

"சீச்சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வா, மியூசியத்துக்குப் போலாம்."

மியூசியம் என்பது தொப்பியும் சாவிக்கொத்தும் விற்கும் ஒரு கடையாக இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"கேசட்டா? அது எதுக்கு சார்?"

"நான் குடுத்தது. அறுபது. ரெண்டு அட்டைப்பெட்டி."

"அதெல்லாம் புதுசா கட்டும்போது குப்பையில போட்டாச்சே. பூஞ்சை பிடிச்சு நாறுச்சுன்னாங்க."

குப்பையிலேயே புரண்டு எழுந்த மாதிரி இருக்கும் இந்த இடத்தில், நாறியது என்று இவர்கள் தூக்கிப்போட்டது அதை மட்டும்தான். மகள்தான் விடாமல் கேட்டாள்.

"எல்லாத்தையுமாங்க? ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணு இருக்கு மேடம். ரயில் ஏறுற சத்தம். இப்ப ரப்பர் சக்கரம் வெச்சுத் தள்ளுறதால சத்தமே வராதுல்ல? ஜனங்க பழைய சத்தம் வேணும்னு கேட்டாங்க. அதான் இருந்ததுலயே நல்லா இருந்த கேசட்டை எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. சீட்டுக்குள்ள ஸ்பீக்கர் இருக்கு, ஏறினா கேக்கலாம்."

"பாத்தீங்களாப்பா, இருக்கு!" மகள் அவர் தோளைத் தட்டினாள். "நான் ஏறுறேன். வாந்தி வந்தாலும் பரவாயில்ல. வாங்க."

'இருந்ததுலயே நல்லா இருந்த' என்ற வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு அவர் மகளின் பின்னால் போனார்.

வரிசையில் முக்கால் மணி நேரம். முன்னால் நின்றவன் கழுத்து வியர்வையைத் துடைத்துக் கம்பியில் தடவினான், பின்னால் நின்ற பிள்ளை இவர் சட்டையில் மூக்கைத் துடைத்தது. வேறு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பார். இன்று அவருக்குத் தன் மேலேயே ஒரு நாற்றம் வருகிற மாதிரி இருந்தது.

கல்யாணமான முதல் வருஷம். சங்கத்தில் சத்தப் போட்டி என்று ஒன்று நடத்துவார்கள். ரயில் மேலே ஏறும்போது, அது பின்னால் வழுக்காமல் இருக்க அடியில் ஓர் இரும்புக் கொண்டி பல் பல்லாய் விழுந்து பிடிக்கும். டக், டக், டக். அதைச் சுத்தமாகப் பதிவு செய்கிறவனுக்குப் பரிசு. ஒரே நிபந்தனை, மனுஷக் குரல் கேட்கக் கூடாது. பெரிய மனிதர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து, கண்ணை மூடி, இரும்பு இரும்பில் விழுவதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். இவரும் ஆட்டுவார்.

கடைசி சீட்டில் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த புது மனைவியிடம் அவர் சொன்னது இதுதான்: "கொஞ்சம் வாயை மூடிட்டு வா."

பாவம், அவள் நிஜமாகவே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மொத்தம் அறுபத்தெட்டு டக். நாற்பத்தொன்றாவதில் அவளால் முடியவில்லை. கையை எடுத்துவிட்டு ஏதோ சொன்னாள். இறங்கியதும் இவர் குதித்த குதி! ஒரு நிமிஷம் சும்மா வரத் தெரியாதா, எல்லாம் பாழ் என்று ஊரே பார்க்கக் கத்தினார். "சரிங்க" என்றாள். வீடு வரும்வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவை மாற்றி, அவள் பேசிய இடத்தை மட்டும் நறுக்கி எடுத்தார். காதுக்குத் தெரியாதபடி ஒட்டினார். முதல் பரிசு வாங்கினார். அப்படித்தான் கேசட் இரண்டானது: அவள் இருப்பது ஒன்று, அவள் இல்லாதது ஒன்று. எதை 'நல்லா இருந்தது' என்று எடுத்திருப்பார்கள்? பாழாய்ப்போன எவனாவது காது கேட்காத ஒருத்தன் தப்பான கேசட்டை எடுத்திருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டார்.

"கடைசி சீட்டா, முன்னாடியா?" என்றாள் மகள்.

"எதுலயாவது உக்காரு."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனால் கடைசி சீட்டுதான் காலியாக இருந்தது. சீட்டு பிசுபிசுவென்று இருந்தது. இடுப்புக் கம்பியை இறக்கிய பையனின் கையில் எண்ணெய் வாடை. பொம்மை கையை ஆட்ட, ரயில் சத்தமில்லாமல் நழுவி ஏற்றத்தில் மூக்கை வைத்தது. தலைக்குப் பின்னாலிருந்து முதல் டக் கேட்டது.

அவர் பதிவுதான். எத்தனை வருஷம் ஆனாலும் பெற்றவனுக்குப் பிள்ளை தெரியாதா? மகள் கண்களை இறுக மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, காதை ஸ்பீக்கரோடு ஒட்டினாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் உதடு சிரிக்கக் காத்திருந்தது.

இருபது. இருபத்தொன்று. கீழே கரடிகளும் கொடிகளும் சின்னதாகிக்கொண்டே போயின. முப்பத்தைந்து. முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.

ஒரு இம்மி. டக் ஒன்று அரைத் தப்படி முன்னால் வந்து விழுந்தது. அவ்வளவுதான். நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று என்று இரும்பு பாட்டுக்கு ஏறியது.

மகள் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் வரும், இன்னும் வரும் என்று கடைசி டக் வரைக்கும் காத்திருந்தாள். உச்சியில் வண்டி ஒரு கணம் நின்று, கவிழ்ந்தது. சீட்டிலிருந்து அவர் உடம்பு எழும்பியது. அதற்காகத்தானே ஆயுளில் பாதியைச் செலவு செய்தார்? இன்றைக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது.

இறங்கும் சாய்தளத்தில் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை.

"அம்மா பேசவே இல்லையேப்பா."

"ம்."

"ஆனா நடுவுல ஒரு இடத்துல எதையோ வெட்டி ஒட்டியிருக்காங்க. நீங்க கவனிச்சீங்களா? ஒரு சத்தம் சீக்கிரமா வந்து விழுது." அவளுக்கு நாளெல்லாம் இதுதானே வேலை. "என்னப்பா அது?"

பொய் சொல்லலாம். பார்க்காரன்மேல் போடலாம். இத்தனை அசிங்கத்தைச் செய்தவன் இதையும் செய்தான் என்றால் அவள் நம்பிவிடுவாள். அவர் நாக்கு அதற்குப் புரளவும் புரண்டது. பிறகு சாய்தளத்தின் மேல் தெரிந்த பொம்மையைப் பார்த்தார், ஆடிக்கொண்டே இருந்த அதன் கையைப் பார்த்தார்.

"அங்கதாம்மா உங்கம்மா இருந்தா" என்றார்.

"வெட்டினது யாரு?"

"நான்தான். போட்டிக்காக. குரல் கேக்கக் கூடாதுன்னு சட்டம்."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். செருப்பில் எதையோ மிதித்துவிட்டால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"…ஞாபகம் இல்ல."

"எத்தனாவது சத்தத்துல பேசினாங்க?"

"நாப்பத்தி ஒண்ணு" என்றார், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. பெண்டாட்டி சொன்னது மறந்துவிட்டது, எந்த டக்கில் சொன்னாள் என்பது மனப்பாடம். இந்தப் பார்க்கில் தேடித் தேடி அருவருத்தாரே, ஈ, எச்சில், சூயிங்கம் என்று, அதில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது.

மகள் திரும்பி நடந்தாள். வெளியே போகிறாள் என்று நினைத்தார். அவள் நேரே போய் வரிசையின் கடைசியில் நின்றாள். அவரும் பின்னால் போய் நின்றார். முக்கால் மணி நேரம் வரிசை ஊர்ந்தது. அவள் முறை வந்தபோது இரண்டு ரயிலை விட்டுவிட்டு, கடைசி சீட்டு காலியானதும் ஏறினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தடுக்கவில்லை.

ரயில் ஏறத் தொடங்கியது. அவள் கண்ணை மூடி, காதை ஸ்பீக்கரில் வைத்து, உதடு அசைய எண்ணினாள். முப்பத்தெட்டைத் தாண்டியதும் அவரால் பொறுக்க முடியவில்லை. மன்னிப்போ என்ன இழவோ, இத்தனை வருஷமாகச் சொல்லாத ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து தொண்டைக்கு வந்துவிட்டது.

"அம்மாடி, நான் அன்னிக்கு…"

அவள் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் வாயை மூடிட்டு வாங்கப்பா" என்றாள். "நாப்பது வந்துருச்சு."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.