இறங்குபவர் படிவம்

ஐந்து நாள் நடுக்கடல் பயணத்துக்கு முந்தைய மாலை அவள் அதைச் சொன்னாள்.

"அடுத்த துறைமுகத்துல நான் இறங்கிக்கிறேங்க. தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். திரும்பி வரமாட்டேன். படகுக்கும் சரி, நம்ம வீட்டுக்கும் சரி."

அவள் கணவர் ஓய்வுபெற்ற சர்வேயர். பாய்மரப் படகின் மடக்கு மேஜையில் கடல் வரைபடத்தை விரித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்குக் காத்து திரும்புது. அப்பவே கிளம்பிடலாம்," என்றார்.

ஏழு மாதங்களாக இருவரும் அந்த அந்நியக் கரையை ஒட்டியே வந்திருந்தார்கள். காலையில் நங்கூரம் எடுப்பது, மாலையில் ஏதாவது ஒரு வளைகுடாவில் போடுவது. கனவு அவருடையது. ஆனால் மருந்தகத்தில் இரண்டு வருட வேலை பாக்கி இருக்கும்போதே எழுதிக்கொடுத்துவிட்டு வந்தது அவள். கடல் அவளுக்கு ஒத்துக்கொண்டது. அதில் குறையில்லை.

போன மாதம் ஒரு நிலமுனையைச் சுற்றும்போது பாயின் அடியிலுள்ள குறுக்குக்கட்டை வீசித் திரும்பி அவள் இடது மணிக்கட்டை முறித்துவிட்டது. அவர் முதலில் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பினார், பாயை இறக்கினார், கயிறுகளைக் கட்டினார். அதன் பிறகுதான் அவளிடம் வந்தார். இருபது நிமிடம் ஆனது. செய்தது சரிதான், இல்லையென்றால் இருவருமே கடலில் விழுந்திருப்பார்கள் என்று அன்று நங்கூரமிட்ட இடத்தில் பக்கத்துப் படகில் இருந்த பல் டாக்டர் சொன்னார். அவளும் அதை மறுக்கவில்லை. அன்று மாலை பயணப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் அவளுக்கு என்னவோ ஆனது. 'பிற்பகல் 2.10. வடமேற்குக் காற்று கூடியது. பெரிய பாய் இறக்கப்பட்டது. ஒருவருக்குக் காயம்.'

"ஒருவருக்காம்," என்றாள் டாக்டரின் மனைவியிடம். "முப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்."

"உங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்க வைக்க நான்தான் வரணும் போல," என்றார் பல் டாக்டர். "அதுக்கும் ஊசி போட வேண்டியிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சர்வேயரும் சிரித்தார்.

போவது என்று அவள் முடிவு செய்துவிட்டாலும், யாரிடமும் சொல்லாத ஒரு விலக்கு அதில் இருந்தது. இந்த ஐந்து நாளில் அவராக ஒரு முறை 'ஏன்' என்று கேட்டால், அல்லது 'போகாதே' என்று சொன்னால், இருந்துவிடுவாள். நாமாகக் கேட்டு வாங்கினால் அது அவர் சொன்னதாகாது என்பதால் வாய் திறக்காமல் இருந்தாள்.

ஒன்பது மணிக்குக் காற்று திரும்பியது. மதியத்துக்குள் கரை மறைந்தது.

நடுக்கடலில் ஒருவர் மேலே காவல் இருக்கும் நான்கு மணி நேரமும் மற்றவர் கீழே தூங்க வேண்டும். சுக்கானைக் காற்றுக்கருவி பார்த்துக்கொண்டது. ஆள் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். ஆள் மாறும்போது ஏணியடியில் திசை, காற்று, கண்ணில் பட்ட கப்பல், பேட்டரி என்று நான்கு விஷயம் சொல்லிக்கொள்வார்கள். முதல் இரண்டு நாளும் அந்த நான்கையும்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் மதியம் அவள் கீழே படுத்திருந்தாள். மேலே அவர் குரல் கேட்டது. ரேடியோவில் யாரிடமோ பேசுகிறார் என்று நினைத்தாள்.

"இங்க பாரு. நீ போயிட்டா நான்..."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"இங்க பாரு. அன்னைக்கு நான் ஓடி வந்திருக்கணும். பாய் கிழிஞ்சா கிழிஞ்சிட்டுப் போகட்டும்னு வந்திருக்கணும். நீ போயிட்டா நான்..."

நான்கு முறை சொல்லிப் பார்த்தார். வார்த்தைகளை முன்னுக்குப் பின் மாற்றி, நிலத்தை மறுபடி மறுபடி அளந்து பார்ப்பவர் போல. நான்கு முறையும் அதே இடத்தில் நின்றது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு இறங்கி வந்தார். ஏணியடியில் இருவருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

"தென்கிழக்கு. பதினாலு நாட் வேகத்துல காத்து. ஒரு சரக்குக் கப்பல் பின்னாடி தாண்டிப் போச்சு. பேட்டரி பரவாயில்லை."

"வேற?" என்றாள்.

அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "ஃபிளாஸ்க்ல டீ இருக்கு."

அவள் மேலே போனாள். அவர் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. கீழே குனிந்து, 'கேட்டுச்சுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்கு மணி நேரமும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவர் மேல் மட்டும் இருந்த பிழையில் பாதி அன்று அவளுடையதானது. அது அவளுக்குத் தெரிந்தும் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை துறைமுகம் வந்தது. படகில் வந்தவர் வேறு வழியாக ஊர் திரும்புவதானால் படகின் தலைவர் கையெழுத்திட்டு விடுவிக்க வேண்டும் என்பது அங்கே விதி. குடிவரவு அலுவலகத்தில் மின்விசிறி பேப்பர்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. சர்வேயர் படிவத்தை ஒரு கையால் அழுத்திக்கொண்டு நிரப்பினார்.

"காரணம் எழுதலையே சார்," என்றார் அலுவலர்.

"கட்டாயமா?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. உடம்பு சரியில்லை, குடும்ப அவசரம், எதுவானாலும் சரி. சண்டைன்னுதான் நிறைய பேர் எழுதறாங்க. சின்னப் படகு, பாவம், எங்க போவாங்க."

சர்வேயர் அவள் பக்கம் திரும்பினார். "என்ன எழுதட்டும்?"

இந்த ஐந்து நாளில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க."

பேனா கட்டத்தின் மேலேயே வெகுநேரம் நின்றது. பிறகு ஒரே சீரான கையெழுத்தில் 'பயணம் முடிந்தது' என்று எழுதினார். அலுவலர் முத்திரை குத்தினார்.

பையை அவரே பேருந்து நிலையம் வரை தூக்கி வந்தார். விமான நிலையம் போகும் பேருந்துக்குள் ஏறி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மேற்கால போற வண்டி. வலப்பக்கம் உக்காரு, வெயில் படாது."

உட்கார்ந்தாள்.

"பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"

"ம்."

"நங்கூரம் சரியாப் பிடிக்கல. நான் போகணும்."

"போங்க."

இறங்கிப் போனார். வண்டி கிளம்பக் கால் மணி நேரம் ஆனது. அவர் சொன்னது சரிதான், அவள் மேல் வெயில் படவில்லை. ஆனால் கடல் இடப்பக்கம் இருந்தது. வண்டி கரையோரச் சாலைக்கு ஏறியதும் அவள் எழுந்துபோய் வெயிலில் உட்கார்ந்தாள்.

சிறிய துடுப்புப் படகில் அவர் தங்கள் பாய்மரப் படகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். துடுப்புப் போடுபவர் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார முடியும். அதனால் சாலை வளையும் வரை அவர் முகம் கரையைப் பார்த்தே இருந்தது.