மூன்றாவது வரிசையில் அக்கா

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி தரையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் போனபோது, யாரோ கழிவறைக்குக் கிளம்புகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சின்ன நாடகங்களில் இது சகஜம். பெயிண்ட் கிடங்கு ஒன்றின் மாடி, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், கருப்புத் துணி போட்டு அடைத்த ஜன்னல்கள், வெளியே மத்தியானம் மூன்று மணி வெயில். மேடை என்று தனியாக ஒன்றும் கிடையாது. முதல் வரிசைக்காரர் காலை நீட்டினால் அவர் செருப்பு என் கதைக்குள் வந்துவிடும். இந்த நாடக விழாவில் இது எனக்கு மூன்றாவது வருடம். பார்க்க வருகிறவர்கள் எந்த நிமிடத்தில் என்ன செய்வார்கள் என்பது என் வசனத்தைவிட எனக்கு நன்றாக மனப்பாடம். ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் தொண்டை மிட்டாய்க் காகிதத்தைப் பிரிப்பார். மெதுவாகப் பிரித்தால் சத்தம் கேட்காது என்ற நம்பிக்கையில் இரண்டு நிமிடம் பிரிப்பார். பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு கைப்பேசி ஒரு முகத்தைக் கீழேயிருந்து நீலமாக்கும். ஸ்கார்ஃப் அம்மா என்று நாங்கள் கூப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு நாடகத்தையும் விடாமல் வருவார். சோகம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே 'ச்சு' கொட்ட ஆரம்பித்துவிடுவார்.

அன்றைக்கு நான் முப்பத்தேழாவது நிமிடத்தில் இருந்தேன். என் அக்கா பதினாறு வயதில் பள்ளிக்கூடப் பையைத் தோளிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நான் படிக்க வேண்டும் என்பதற்காக மாத்திரைக் கம்பெனி வேலைக்குப் போகிற காட்சி. அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்திருந்த வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. நாடகம் முழுக்க நான் ஒருத்திதான்: அப்பா, அம்மா, அக்கா, சின்ன நான், எல்லாம் நானே. ஆணியில் மாட்டியது நிஜப் பை, அக்காவுடையது. பரணில் கிடந்ததை எடுத்து உதறிக்கொண்டு வந்தேன். பையை மாட்டியதும் கம்பெனியின் நீலத் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, மாத்திரை அட்டைகள் ஓடுகிற பெல்ட்டின் முன்னால் நிற்பதாக நின்று தேம்புவேன். முதல் தேம்பலுக்கு ஸ்கார்ஃப் அம்மா மூக்கை உறிஞ்சினார். இரண்டாவது தேம்பலுக்கு நாற்காலி தேய்ந்தது.

"நிறுத்துடி."

அக்கா. மூன்று வருடமாக ஷிஃப்ட், ஷிஃப்ட் என்று சொல்லி வராதவள், அன்றைக்கு யாரிடமோ மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு நான் தருகிற பரிசு என்று நினைத்துத்தான் கூப்பிட்டிருந்தேன்.

"நான் எப்ப அழுதேன்? அன்னிக்கு நான் அழவே இல்ல. உனக்காக ஒண்ணும் நான் படிப்ப விடல. எனக்குப் படிப்பு வரல, பிடிக்கல. மூணு பாடம் ஃபெயிலு. எப்படா வெளிய போவோம்னு இருந்தேன். மொத நாள் எனக்கு ஒரு லாக்கர் குடுத்தாங்க, சாவியோட. நம்ம வீட்ல எனக்குன்னு ஒரு பூட்டு சாவி இருந்துச்சா? சும்மா என்னத் தூக்கி செலையா நிக்க வைக்காத. கால் வலிக்குது எனக்கு."

தொப்பியோடு நின்றேன். இந்தச் சமயத்தில்தான் விளக்குப் போடுகிற அண்ணன், நான் தன்னிடம் சொல்லாமல் புதிதாக ஏதோ சேர்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, மேலே இருந்த ஒரு விளக்கை மூன்றாவது வரிசைக்குத் திருப்பினார். வெளிச்சம் அக்காமேல் விழுந்ததுதான் தாமதம், யாரோ கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும். எழுந்து நின்று தட்டினார்கள். எனக்கு இன்னும் பன்னிரண்டு நிமிட நாடகம் பாக்கி இருந்தது. கேட்பாரில்லை.

நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களோடு பேசுவது இந்த விழாவில் கட்டாயம். போன இரண்டு வருடமும் அந்தப் பதினைந்து நிமிடம் ஒரே கேள்விதான்: இதெல்லாம் உங்க வாழ்க்கையில நெஜமாவே நடந்ததா? எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன் என்று சொன்னால் போதும், ஏதோ பள்ளத்திலிருந்து கயிறு கட்டித் தூக்கப்பட்ட கன்றுக்குட்டியைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள். இந்த வருடம் அந்தக் கேள்வியைக்கூட என்னிடம் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். எங்கே நடிப்புப் பயின்றீர்கள் என்று ஒருவர் கேட்க, மாத்திரைக் கம்பெனியில என்று இவள் சொல்ல, அவர்கள் ரசித்துச் சிரித்தார்கள். பாத்திரத்தைவிட்டு இறங்கவே மாட்டேன் என்கிறாரே என்று ஒருவர் வியந்தார். ஸ்கார்ஃப் அம்மா அக்காவின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அவருடைய மணிக்கட்டுகளை மெதுவாக விலக்கி, இடுப்பில் சொருகியிருந்த கைக்குட்டையைக் கொடுத்தாள்.

வாசலில் ஒரு பெட்டி இருக்கும். பார்த்தவர்கள் கருத்தைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். நடுவர்களும் அந்தச் சீட்டுகளைப் படிப்பார்கள். தேர்வாகிற நாடகம் ஆறு ஊருக்குப் போகும்; பயணம், அரங்கு எல்லாம் விழாக்காரர்கள் பொறுப்பு. மூன்று வருடமாக நான் குறிவைப்பது அந்த ஆறு ஊரை. முதல் வருடம் 'நல்ல முயற்சி' என்று பதினொரு பேர் எழுதியிருந்தார்கள். இரண்டாம் வருடம் ஒருவர் நாற்காலி அசௌகரியம் என்று மட்டும் எழுதியிருந்தார். இந்த வருடம் பெட்டி நிறைந்துவிட்டது. முதலில் எடுத்த சீட்டு இது: 'அக்காவாக எழுந்து பேசியவர் அசல். மேடையில் இருந்தவர் கொஞ்சம் மிகை.'

எட்டு மாதம் எழுதினேன். எட்டு மாதம் அலுவலக மதிய இடைவேளையில், கோப்பு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தேம்பிப் பழகினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பை என் மடியில். இரண்டு நிறுத்தம் தாண்டியது.

"நான் சண்ட போட்டேன்டி," என்றாள் கடைசியில். "கை தட்டுறாங்க."

இதையெல்லாம் வீட்டில் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். வீட்டில் யார் கேட்டீர்கள் என்றாள். நான் பட்டம் வாங்கிய அன்று அம்மா வந்தவர்களுக்கெல்லாம் காபியோடு சேர்த்து அக்காவின் தியாகத்தையும் ஆளுக்கொரு கப் கொடுத்தாளாம். இவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் அதுவேயாம். இவளுடைய புருஷனே முதல் வாரத்தில், தங்கச்சிக்காக வாழ்ந்தவள் என்று இவள் தட்டில் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தாராம். இல்லை என்று சொல்ல எப்போது வாயைத் திறந்தாலும், பாரு, எவ்வளவு பெரிய மனசு என்பார்களாம். பதினேழு வருடம் பெல்ட்டில் நின்று, ஓடுகிற மாத்திரை அட்டையில் எந்தக் குழி காலி என்று பார்க்கிற வேலையில் லைன் லீடர் ஆகியிருக்கிறாள். அதைப் பற்றி ஒருத்தராவது ஒரு கேள்வி கேட்டதுண்டா என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கேட்டதில்லை.

ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அவள் பெரிய மனசு பண்ணினாள் என்ற நம்பிக்கையில்தான் நான் இரவு பகலாகப் படித்தேன். அது இல்லை என்றால் நான் யாருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்? மடியிலிருந்த பையைத் திறந்து, அடியில் கிடந்த நோட்டை எடுத்தேன். பரணிலிருந்து பை வந்த அன்றே பார்த்துவிட்டேன். எதுவும் கேட்காமல் உள்ளேயே விட்டிருந்தேன். பழுப்புக் காகித அட்டை, மூலைகள் ஊசி மாதிரி மடிக்கப்பட்டு, லேபிளில் அழகான கையெழுத்தில் அவள் பெயர். கீழே, அவள் போகவே போகாத அடுத்த வகுப்பு. உள்ளே ஒரு எழுத்து இல்லை.

"மூணு பாடம் ஃபெயிலானவ இதுக்கு எதுக்குடி அட்ட போட்ட?" என்றேன். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.

அக்கா நோட்டை வாங்கினாள். கட்டைவிரலால் ஒரு மூலையை அழுத்திவிட்டாள். அழுத்திய மூலை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"அட்ட போடுறது எனக்குப் பிடிக்கும்," என்றாள். நோட்டைப் பைக்குள் திரும்ப வைத்து, வாரை மாட்டினாள்.

மறுநாள் காலையில் விழா அமைப்பாளர் போனில் கூப்பிட்டார். தாடிக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பெரிய அரங்கில் நிறைவு நாடகம் உங்களுடையதுதான், நடுவர்கள் மூவரும் வருகிறார்கள், கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான் என்றார். அப்புறம், அந்த எழுந்து பேசுவது மட்டும் அப்படியே இருக்கட்டும் என்றார். நாற்காலி தேய்கிற சத்தம் உட்பட. அது நாடகமில்லை, அவள் என் சொந்த அக்கா, கோபத்தில் எழுந்துவிட்டாள் என்று விளக்கினேன். 'ஓ' என்று இழுத்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அதாம்மா அழகே," என்றார்.

போய்க் கேட்டேன். எந்தப் பொய்யைச் சொல்லி என்னை அவமானப்படுத்தினாள் என்று முந்தின நாள் கத்தினேனோ, அதே பேச்சை இன்னொரு தடவை பேசித் தரும்படி அவள் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அவள் கம்பெனிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆறு ஊர் என்றால் எத்தனை நாள், எங்கே தங்க வைப்பார்கள், கூட யார் வருவார்கள் என்று விசாரித்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவுதான், வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை ஒத்திகையில் தாடிக்காரர் அக்காவுக்கு ஒரு மர நாற்காலியை ஏற்பாடு செய்திருந்தார். பெரிய அரங்கின் நாற்காலிகள் தரையோடு பூட்டியவை, தேயாது. மூன்றாவது வரிசைக்குப் பக்கத்தில், நடைபாதையில் அதைப் போட்டார்கள். இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளுங்கள் என்றார். லாக்கர் என்று சொன்ன பிறகு ஒரு மூச்சு நிறுத்துங்கள் என்றார். கால் வலிக்குது என்பதை ஏன் சிரிக்காமல் சொல்கிறீர்கள், அன்றைக்கு லேசாகச் சிரித்தீர்களே என்றார். அக்கா ஐந்து தடவை எழுந்து ஐந்து தடவை உட்கார்ந்தாள். ஆறாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"திருப்பித் திருப்பிச் சொன்னா எனக்கே பொய் மாதிரி இருக்குடி. நீ எப்படி இத வருஷம் பூரா பண்ற?"

நான் ஆணியில் தொங்கிய பையின் வாரை நேராக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர். பேச்சு ஊர் முழுக்கப் பரவியிருந்தது. முதல் நிமிடத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒருத்தரும் என்னைப் பார்க்க வரவில்லை. அப்பா லாரியிலிருந்து விழுகிறார், நான் தரையில் கிடக்கிறேன், பத்து தலைகள் பின்னால் திரும்பி யார் அந்தப் பெண் என்று துழாவுகின்றன. ஒரு அம்மா தன் பக்கத்துக்காரியிடம், அந்த மர நாற்காலிதான் என்று கிசுகிசுத்தது மேடைவரை கேட்டது. தொண்டை மிட்டாய்க்காரர்கூட அன்றைக்கு மிட்டாய் பிரிக்கவில்லை. அவரும் காத்திருந்தார்.

முப்பத்தேழாவது நிமிடம். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மாட்டியதும் சொல்லிவைத்த மாதிரி அரங்கமே கழுத்தைத் திருப்பியது. முன்வரிசைக்காரர்கள் இருக்கையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பின்னால் பார்த்தார்கள். நடுவர் ஒருவர் பேனா மூடியைத் திறந்து பல்லில் கடித்தபடி எனக்கு முதுகைக் காட்டினார். ஸ்கார்ஃப் அம்மா, "எழுந்திரும்மா, இப்பத்தான்," என்று அக்காவின் பக்கம் குனிந்து சொன்னார். விளக்கு அண்ணன் இந்த முறை விளக்கை முன்கூட்டியே திருப்பிவிட்டார். இருநூறு பேரில் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு முகம். அது அக்காவுடையது.

தொப்பியைப் போட்டுக்கொண்டேன். நான் தேம்பினால் அவள் எழுவாள். அதுதான் பேசிவைத்தது. தேம்பல் தொண்டையில் தயாராக நின்றது. எட்டு மாதம் பழக்கியது, கூப்பிட்டால் வரும். ஆறு ஊர் அந்த ஒரு தேம்பலுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கையை நீட்டினேன். யாரோ எதையோ கொடுப்பது மாதிரி வாங்கிக்கொண்டேன். வாங்கியதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அப்புறம், எதிரே ஒரு லாக்கரின் இரும்புக் கதவு இருப்பதாக வைத்துக்கொண்டு, சாவியை நுழைத்து வலது பக்கம் திருப்பினேன்.

அக்காவின் முகம் சுருங்கியது. மாத்திரை அட்டையில் காலிக் குழியைப் பார்த்தால் வருகிற எரிச்சல் அது. அவள் எழவில்லை. மடியில் இருந்த வலது கையை லேசாகத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, இடது பக்கம் ஒரு திருப்புத் திருப்பினாள். எனக்கு உறைக்காததைப் பார்த்துவிட்டு, மண்டூகத்துக்குச் சொல்லித் தருவது மாதிரி, இன்னொரு தடவை. இடது.

நாற்காலிச் சத்தத்துக்காக இருநூறு கழுத்துகள் திரும்பியபடியே இருந்தன. என் பின்னால், உள்ளே ஒரே ஒரு நோட்டு கிடக்கிற பை ஆணியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சாவியை வெளியே எடுத்து, திரும்ப நுழைத்து, இடது பக்கம் திருப்பினேன்.