உப்பரசியின் மூன்றாம் பாகம்

மகள் சிரிக்கிற சத்தம் அடுப்படி வரை கேட்டது. தன்னிடம் அவள் அப்படிச் சிரிப்பதில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். தன்னிடம் என்றால் பல் தெரியாமல், போனால் போகிறது என்று ஒரு சிரிப்பு. இதுவோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உருளுகிற சிரிப்பு. போனின் அந்தப் பக்கம் யார் என்று கேட்கவே வேண்டாம். சித்திதான்.

அம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். பகல் முழுக்க மெஷின் முன்னால் குனிந்து நின்று, ஃபிரேமுக்குள் இம்மியும் பிசகாமல் கண்ணாடியை உட்கார வைப்பாள். அவள் தங்கை டவுன் பஸ் ஓட்டுகிறாள். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு யூனிஃபார்மோடு ஓடிவந்து கடைசி பெஞ்சில் நிற்கிறவள். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாயும் அவள்தான். அன்றைக்கு அவளைக் கெஞ்சி நிற்க வைத்ததே அக்காதான். இப்போது அதை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் 'உப்பரசி' என்ற கதைப்புத்தகம். பாகம் பாகமாக வந்து, சினிமாவாகவும் வந்துகொண்டிருந்தது. கடல் நடுவில் ஒரு ராஜ்யம், பேசுகிற கழுகுகள், மந்திரம் தெரிந்த ஓர் அரசி. ஒவ்வொரு மந்திரம் போடும்போதும் அவளுடைய ஞாபகம் ஒன்று உப்பாகக் கரைந்து போய்விடுமாம். தங்கை தன் புத்தகங்களை ஒவ்வொன்றாக மகளிடம் கொடுத்தாள். அதற்கப்புறம் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது மகளின் விரல் மணியில் இருந்தது, மனசு கடலுக்கு நடுவில் இருந்தது. ஆமென் சொன்ன கையோடு போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அம்மாவும் ஒருநாள் வலியப் போய்க் கேட்டுப் பார்த்தாள், அந்தக் கழுகுக்கு என்னதான் ஆச்சு என்று. மகள், "உனக்குச் சொன்னா புரியாதும்மா, முதல்லேருந்து படிக்கணும்," என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அது அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மகளுக்கு அடுத்த மாதம் உறுதிபூசுதல், ஆயர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி விசுவாசத்தை உறுதிப்படுத்துகிற சடங்கு. அதற்கான பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை முதல் கட்டளையைப் பற்றிப் பேசினார். தாயத்து, மந்திரம், குறி கேட்பது, இதையெல்லாம் நம்பிப் போகக் கூடாது என்றார். பலர் தலையாட்டினார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டு, மந்திரக்காரி வருகிற கதைப்புத்தகத்தைப் பிள்ளைகள் படிக்கலாமா என்று கேட்டாள். அந்தப் புத்தகம் தனக்குத் தெரியாது, மந்திரத்தை நிஜமென்று நம்பி ஒரு பிள்ளை அதன் பின்னால் போனால் தப்புதான் என்றார் அவர். கதையைக் கதையாகப் படித்தால் அது வேறு. நல்லது கெட்டது அதற்குள்ளேயும் இருக்கும், நீங்களே ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றும் சொன்னார். அம்மா 'தப்புதான்' என்பது வரை காதில் வாங்கிக்கொண்டாள். மீதி காதில் விழுந்தது, ஆனால் வீடு வருகிற வழியிலேயே நழுவிப் போனது.

"ஃபாதரே சொல்லிட்டாரு. அந்தப் புத்தகம் இனிமே இந்த வீட்ல கூடாது."

மகளின் முகம் சுண்டிப் போயிற்று. புத்தகங்களை அடுக்கிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை போன் மணி அடித்தபோது அவள் எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. குளிர்ந்தது என்று ஒத்துக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது.

இரண்டு நாளில் தங்கை வந்துவிட்டாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஃபாதரா அப்படிச் சொன்னாரு?"

"பின்னே நானா சொல்றேன்?"

தங்கை பஸ்ஸில் எத்தனை பேர் வாயாடினாலும் விட்டுக்கொடுக்காதவள், அன்றைக்கு விட்டுக்கொடுத்தாள். "சரிக்கா. அவரே சொன்னா நான் என்ன பேச. புத்தகத்த அப்புறம் வந்து எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

எடுத்துக்கொண்டு போக அக்கா விடவில்லை. கோயில் மண்டபத்தில் பழைய பொருள்கள் விற்பனை வைத்திருந்தார்கள், கூரை ஒழுகுவதைச் சரி செய்ய. அம்மா தன் பழைய பாத்திரங்களோடு அந்தப் புத்தகங்களையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டாள். தங்கை கேட்டால் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல காரியத்துக்குத்தானே என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

விற்பனை நாளன்று மேஜை பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை என்று யாரோ தங்கையைக் கூப்பிட்டிருந்தார்கள் போலிருக்கிறது. அம்மா உள்ளே நுழையும்போது தங்கை அந்த அட்டைப்பெட்டியைத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். பெட்டியின்மேல் அக்காவின் கையெழுத்து. உள்ளே, சம்பளம் வாங்க ஆரம்பித்த காலத்திலிருந்து அவள் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்த புத்தகங்கள், முதல் பக்கத்தில் அவள் பெயரோடு.

அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். தங்கை புத்தகங்களைத் தூசி தட்டி அடுக்கினாள். தன் பையிலிருந்து பணத்தை எடுத்து, பக்கத்திலிருந்த பெண்ணிடம் விலை கேட்டுக் கொடுத்தாள். தன் புத்தகத்தைத் தானே காசு கொடுத்து வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு அக்காவைக் கடந்து போகும்போது மட்டும் நின்றாள்.

"மூணாவது பாகத்தக் காணோம்கா. கிடைச்சா சொல்லு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. வீட்டுக்கு வந்தும் அந்தக் குரல்தான் காதில் நின்றது. அப்போதும் முழுசாக வெட்கம் வந்துவிடவில்லை. யார் முன்னாலும் நல்லவளாக நின்றுவிடுகிறாளே பாவி என்றுதான் முதலில் எரிந்தது.

அடுத்த ஞாயிறு. பூசையில் நற்கருணை வாங்கப் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அம்மா எழுந்தாள், அவள் கணவர் எழுந்தார். மகள் எழவில்லை. கால்களை ஒடுக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிட்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூட அவள் அப்படி உட்கார்ந்ததில்லை. அம்மா வரிசையில் போய்க்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டதும் மகள் தலையணை உறைக்குள் கைவிட்டு ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். மூன்றாம் பாகம்.

"இத மட்டும் குடுக்கலம்மா. ஏற்கெனவே படிச்சதுதான், ஆனா விட்டுக்குடுக்க மனசு கேக்கல. ஃபாதர் கூடாதுன்னு சொன்னப்புறமும் ஒளிச்சு வச்சு மறுபடி படிச்சேன். அப்போ பாவம்தானே? எனக்கு உறுதிபூசுதலும் வேண்டாம்மா. பாவத்த வச்சுக்கிட்டு ஆயர் முன்னாடி போய் நிக்க முடியாது."

அம்மாவுக்கு உறைத்தது. பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கப் போய் எங்கே கொண்டு நிறுத்தியிருக்கிறாள். ஃபாதர் அப்படிச் சொல்லவில்லை என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். "அழாதே," என்று மட்டும் சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைத் திறந்தாள். குற்றம் கண்டுபிடிக்கலாம், நாம் செய்தது அப்படியொன்றும் தப்பில்லை என்று ஆகிவிடும் என்ற நப்பாசைதான். அரசியின் குழந்தையைக் கடல் கொண்டுபோகிற இடம் வந்தது. அதைக் காப்பாற்றக் கடைசி மந்திரம் ஒன்றுதான் பாக்கி. அதற்கு விலை அரசியின் ஞாபகம் இல்லை. குழந்தை தன் தாயை மறந்துவிடும். அரசி யோசிக்கவே இல்லை. கரையேறிய குழந்தை அவளை யாரோ என்று பார்த்துவிட்டு வேறொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு போகிறது. அங்கே பாகம் முடிந்துவிட்டது.

அம்மா சாப்பாட்டு டப்பாவை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று பிற்பகல் வலது கண்ணுக்கான லென்ஸை இடது பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் நேரே கோயிலுக்குப் போய்ப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பங்குத்தந்தை முன் முழந்தாளிட்டாள். உங்கள் பேச்சில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை உங்கள் பெயரில் சொன்னேன் என்றாள். பெட்டியைப் பற்றிச் சொன்னாள். பிள்ளை நற்கருணை வாங்காமல் உட்கார்ந்ததையும் சொன்னாள்.

"இதெல்லாம் எதுக்காகம்மா செஞ்சீங்க?"

"பொறாமை, ஃபாதர். தங்கச்சி மேல." சற்றுப் பொறுத்து, "அந்தப் புத்தகத்து மேலயும்," என்றாள்.

பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், அதுதான் பரிகாரம் என்றார் அவர். வேறு ஜெபம் ஏதாவது கொடுக்க மாட்டாரா என்று அம்மா காத்திருந்தாள். ஐம்பது ஜெபமாலை என்றிருந்தால்கூடச் சந்தோஷமாகச் சொல்லித் தீர்த்திருப்பாள். அவர் கொடுக்கவில்லை.

மகளிடம் சொன்னாள். மகள் முதலில் நம்பவில்லை. அப்புறம் முகம் சிவக்கக் கோபம் வந்தது. நான் எத்தனை நாள் பயந்துகிட்டுக் கிடந்தேன் தெரியுமா என்று கேட்டுவிட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபின், ஒளித்துப் படித்ததை மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன், அது தப்புதானே என்றாள் மகள். அம்மா புத்தகத்தை அவள் மடியில் வைத்து, அந்த அரசி கடைசியில் செய்ததைப் படித்தேன் என்றாள்.

"படிச்சியா?" மகளின் கண் விரிந்தது. "அந்த இடம் வரும்போது எனக்குச் சிலுவைப்பாதைதாம்மா ஞாபகம் வந்துச்சு. எல்லாத்தையும் குடுத்துட்டு, யாருக்கும் தெரியாமப் போறது. சித்திகிட்ட சொன்னேன். அவங்களுக்கும் அப்படித்தான் தோணுச்சாம்."

அம்மா சிரித்தாள். உள்ளே சுருக்கென்றது. மந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தாள். சிலுவைப்பாதையும் அந்தப் போனில்தான் போயிருக்கிறது.

தங்கையிடம் போவதுதான் கடினமாக இருந்தது. டிப்போ வாசலில் காத்திருந்து, பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கியவளிடம் மூன்றாம் பாகத்தை நீட்டினாள். ஃபாதர் சொன்னது என்ன, தான் சொன்னது என்ன என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கை கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "பெட்டியில உன் கையெழுத்தப் பாத்தப்போ செத்துட்டேன்கா," என்றாள். இருவரும் டிப்போ மதில் ஓரமாகவே கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"நாலாவது பாகம் இருக்கா?" என்றாள் அக்கா கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

தங்கை திரும்பிப் பார்த்தாள். "முதல்லேருந்து படி. அப்பத்தான் புரியும்."

கோபப்பட உரிமை இல்லை என்று தெரிந்தும் அக்காவுக்குக் கோபம் வந்தது. முதல் பாகத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

உறுதிபூசுதல் அன்று ஆயர் முன்னால் மகள் நின்றபோது, பின்னாலிருந்து ஞானத்தாயாக அவள் தோளில் வலது கையை வைத்து நின்றவள் சித்திதான். அக்காவே போய்க் கேட்டு நிற்க வைத்தாள். இந்தத் தடவை கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் வரிசையிலிருந்து அந்தக் கையைப் பார்த்தபோது வயிற்றில் பழைய எரிச்சல் எழுந்தது. ஆண்டவரே, இதுவும் இருக்கிறது, எடுத்துக்கொள்ளும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் மூன்றாம் பாகத்தின் சினிமா வந்தது. மூவரும் போனார்கள், மகள் நடுவில். அரசி கரையில் தனியாக நிற்கிற காட்சியில் ஒரு பக்கம் சித்தி மூக்கை உறிஞ்சினாள், மறுபக்கம் அம்மா முந்தானையைத் தேடினாள். மகள் இருட்டில் கைக்குட்டையை எடுத்து முதலில் சித்தியிடம்தான் கொடுத்தாள். துடைத்து முடித்ததும் வாங்கி இந்தப் பக்கம் நீட்டினாள். ஈரமாக இருந்தது. அம்மா அதையும் கவனித்தாள். கவனித்தபடியே வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.